தலைப்புச் சொல்: கட்டி

ஒரு வார்த்தை போட்டால் போதும், மீதியைத் தேடுவது அதன் பாடு என்பது செங்கமலத்தின் கட்சி. முப்பத்தோரு வருஷம் உறையூரில் ஒரு கிளை நூலகத்தில் உட்கார்ந்து, இழுப்பறையில் அடுக்குகிற பட்டியல் அட்டைகளைப் புத்தகங்களுக்கு எழுதி ஓய்வு பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? அட்டையின் தலையில் ஒரே ஒரு சொல் இருக்கும். நெல் என்றால் நெல், வானவியல் என்றால் வானவியல். 'நெல் எப்படிப் பயிரிடுவது, தயவுசெய்து சொல்லவும்' என்று எவனாவது அட்டை எழுதுவானா? அந்தப் பழக்கத்தில்தான் இந்தச் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, ரசப்பொடிக்கு வறுத்த மிளகும் துவரம்பருப்பும் முறத்தில் ஆறிக்கொண்டிருக்க, வாங்கி ஆறு மாசமாகி இறுகிப்போன பெருங்காயத்தைக் குழவியால் நாலு போடு போட்டும் அது அசைந்து கொடுக்காததால், மிக்சியில் போட்டால் பிளேடு போய்விடுமோ, வாணலியில் வாட்டினால் இளகுமோ, பார்த்துவிடலாம் என்று போனை எடுத்து, தேடுகிற பெட்டியில் 'கட்டி' என்று மட்டும் போட்டாள். ஒரு கட்டி குடுங்க என்று கேட்டு இத்தனை வருஷத்தில் மளிகைக் கடைக்காரர் பெருங்காயம் தவிர வேறெதையும் நீட்டியதில்லை. போன் அவளுடையது இல்லை, புருஷனுடையது. அவளுடையது மூன்று சதவீதத்தில் மூச்சுத் திணறிக் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. நல்லசிவத்தின் போனில் பூட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விரலால் 'ட' எழுதினால் திறந்துகொள்ளும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவரோ கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் எண்ணெயோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர், எண்ணெய் ஊறுவதற்கும் நேரம் வைத்திருப்பவர். பத்து மணிக்கு எண்ணெய், பதினோரு மணிக்குத் தண்ணீர், நடுவில் எழுந்திருக்க மாட்டார். போன் என்ன கொடுத்தது தெரியுமோ? கழுத்தில் கட்டி. அக்குளில் கட்டி. வலி இல்லாத கட்டியா, அலட்சியம் வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு டாக்டர், அவருக்குக் கீழே இன்றே அழையுங்கள் என்று ஒரு நம்பர். அட கண்றாவியே, காலங்காத்தாலே இது என்ன பேச்சு என்று செங்கமலம் பெருங்காயத்தைப் பார்த்தாள், அது தேமே என்று அம்மியில் உட்கார்ந்திருந்தது.

நான் என்ன கேட்டேன், நீ என்ன குடுக்கிற? வந்தது கோபம்தான், ஆனால் செங்கமலத்தின் கோபத்துக்கு ஆயுசு கம்மி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எப்போதும் ஒரு ஏன் வந்துவிடும். ஏன் இப்படிக் குடுக்கிறது? போன மாசம் தன்னுடைய போனில் 'கட்டி' என்று போட்டபோது கட்டித் தயிர்தானே வந்தது? கூடத்துக்குப் போய்ச் சார்ஜ் ஒயரோடு சேர்த்துத் தன்னுடையதை எடுத்து அதே மூன்றெழுத்தைப் போட்டாள். வந்து விழுந்தது பார்: கட்டித் தயிர் உறைய ஐந்து ரகசியங்கள், கட்டிப் பெருங்காயம் பொடி செய்வது எப்படி, வெல்லக் கட்டியில் கலப்படம், இட்லி மாவு கட்டியாக இருந்தால். ஒரே சொல், ஒரே வீடு, ஒரே வை-ஃபை. ஒன்று சமையல்கட்டுக்குள் கூட்டிப் போகிறது, இன்னொன்று ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பொண்ணு தேன்மொழி ஓசூரிலிருந்து வந்திருந்தபோது சொன்னாள், "அம்மா, அது ஆளப் பாத்துதான் குடுக்கும். நீ முன்னாடி என்னென்ன கேட்ட, எதத் தொட்ட, எதுல எவ்ளோ நேரம் நின்ன, எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." செங்கமலத்துக்கு அன்றைக்கே அது பிடிக்கவில்லை. எதிர்வீட்டு மரகதத்துக்காக மூட்டுவலி என்று ஒரே ஒரு தடவை பார்த்துக் கொடுத்ததற்கு இது ஒரு மாசம் முட்டிக்கு உறை வாங்கு, வாங்கு என்று நச்சரித்தது. முட்டி வலி மரகதத்துக்கு, இம்சை இவளுக்கு. நூலகத்தில் இந்த அக்கிரமம் உண்டா? இழுப்பறை ஒன்றுதான். கலெக்டர் வந்து இழுத்தாலும் பூக்கட்டுகிற பரிமளா வந்து இழுத்தாலும் 'க' வரிசையில் அதே அட்டைகள், அதே பழுப்பு, அதே கரப்பான் புழுக்கை. நீ யார், உனக்கு என்ன வேண்டியிருக்கும் என்று இழுப்பறை முகம் பார்க்காது. முகம் பார்க்காததுதான் அதன் மரியாதை. ஆனாலும், இங்கேதான் செங்கமலத்துக்குக் கை குறுகுறுத்தது, ஆளுக்கு ஒரு இழுப்பறை என்றால் என் இழுப்பறையில் நான் யார்? அவர் இழுப்பறையில் அவர் யார்?

இரண்டு போனையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிளகு ஆறினால் ஆறட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அட்டைகளைப் பிரித்து அடுக்கியபோது இருந்த மாதிரி உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு. ஒரு பொருளோடு நிற்காத சொல்லாகப் பார்த்துப் போட வேண்டும், அப்போதுதான் இதன் குட்டு வெளிப்படும். 'வெள்ளி' போட்டாள். அவருடையதில் இன்றைய வெள்ளி விலை, இவளுடையதில் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜை. அட, பொட்டுத் தங்கம் வாங்கிக் கொடுக்காத மனுஷன் வெள்ளி விலை பார்க்கிறாராமே! 'ஆறு' போட்டாள். அவருக்குக் காவிரியில் நீர்வரத்து எவ்வளவு, இவளுக்கு ஆறு மாதக் குழந்தைக்கு என்ன ஊட்டலாம். சரிதான், தேன்மொழியின் பிள்ளைக்காகக் கேட்டது. 'மாலை' போட்டாள். அவருக்கு மாலையில் கிளம்பும் பேருந்துகளின் நேரம், இவளுக்கு ரோஜா மாலை கட்டும் முறை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் இந்த மனுஷன் எந்த பஸ் எப்போது கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தித் தெரிந்துகொண்டதை இந்தச் சனியன் மூணு சொல்லில் சொல்லிவிடுகிறதே, கெட்டிக்காரத்தனம்தான், சும்மா சொல்லக் கூடாது. அவளுக்குத் தெரியாத ஒன்றுகூட இருந்தது, அந்த வெள்ளி விலை. பொறந்த நாளுக்குக் கொலுசாக இருக்குமோ? அறுபத்தோரு வயசில் கொலுசு போட்டால் தெருவே சிரிக்கும். போட்டுக்கொண்டால்தான் என்ன? கொல்லையிலிருந்து குரல் வந்தது, "கமலம், மணி என்ன ஆச்சு?" போன் இங்கே இருப்பதால் அவருக்கு நேரம் தெரியவில்லை, பாவம். "பத்து முப்பது" என்று கத்தினாள். இன்னும் அரை மணி இருக்கிறது. சட்டென்று, எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறவர் நினைப்பில், அடுத்த சொல்லாக அவருடைய போனில் 'எண்ணெய்' என்று போடப் போனாள்.

முழுசாகக்கூடப் போடவில்லை. 'எண்ணெ' வரைக்கும் வந்தபோதே பெட்டிக்குக் கீழே அது தானாக நாலைந்து வரியை நீட்டியது. நல்லெண்ணெய் விலை, எண்ணெய்க் குளியல் எந்தக் கிழமை, அதெல்லாம் கீழே. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் குட்டியாக ஒரு கடிகாரப் படத்தோடு ஒரு வரி. எண்ணெய் தேய்த்தால் கழுத்துக் கட்டி பரவுமா. குட்டிக் கடிகாரம் இருந்தால் அது ஏற்கெனவே இந்த போனில் கேட்ட கேள்வி என்று சொல்லிக் கொடுத்தவளும் தேன்மொழிதான். "அதுவா சொல்றதுக்குக் கடிகாரம் இருக்காதும்மா, நாம கேட்டதுக்குத்தான் இருக்கும்." செங்கமலம் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். எழுத்துப் பிழையே இல்லை. 'க்' போட வேண்டிய இடத்தில் 'க்' போட்டிருந்தது. டைம் கீப்பர் வேலையில் நாள் முழுக்கச் சீட்டு எழுதின கை, போனில் தட்டினாலும் ஒற்று விடாது. யாருக்காகவாவது கேட்டிருப்பார். ஆமாம், யாருக்காகவாவதுதான். நான் மரகதத்துக்காக மூட்டுவலி கேட்கவில்லையா? நடைக்குப் போகிற இடத்தில் கூட வருகிற அந்தத் தபால் ஆபீஸ்காரர், பேர் என்ன, சுந்தரேசன், அவர் கழுத்தில் ஏதோ இருக்கிற மாதிரித்தானே ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்? பேசினார்களா? பேசவில்லை. பேசியிருக்கலாம். ஆனால் சுந்தரேசன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர் இல்லை. தலையில் ஒரு முடி கிடையாது அவருக்கு, எண்ணெய் வைத்தால் சளி பிடிக்கும் என்று வைக்கவே மாட்டார், இவர்தான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவார். மனசு ஒரு கதவைச் சாத்தினால் அதுவே போய் இன்னொன்றைத் திறந்துவிட்டு வருகிறது. மூணு சனிக்கிழமை. கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து விடுவது அவள்தான். உச்சியில் வைத்து, பிடரியில் இறக்கி, தோளுக்கு, முதுகுக்கு. மெல்ல, மெல்ல, கொல்லப் பாக்கிறியா என்று அவர் கத்துவார், ஆம்பளை இப்படிக் கத்தலாமா என்று இவள் ஓங்கி ஒன்று வைப்பாள். மூணு வாரத்துக்கு முன்னால், "உனக்குத்தான் தோள்பட்டை வலின்னு சொல்றியே, நானே தேச்சுக்கிறேன்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே மகளுக்கு போன் போட்டு, "உங்கப்பாவுக்கு இந்த வயசுல கரிசனம் வந்திருக்குடி" என்று பெருமை அடித்தாள். பெருமை! வீட்டுக்குள்ளும் துண்டைத் தோளில் சுற்றியே திரிந்ததை வெக்கை என்று நினைத்தாள். சலூனுக்கு ஒன்றரை மாசமாகப் போகாமல் பிடரி முடி வளர்ந்ததைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். ராத்திரி மல்லாந்தே படுப்பதை எதுவாகவும் நினைக்கவில்லை, பார்க்கவேயில்லை. போன் பார்த்திருக்கிறது. ஆளுக்கு ஒரு இழுப்பறை வைத்து, அவர் கேட்டதையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறது, கூடப் படுத்தவளுக்குத் தெரியாததை வெறும் 'கட்டி' என்ற மூன்றெழுத்துக்கு அள்ளிக் கொட்டியிருக்கிறது, இவள் அதைப் பார்த்துக் கண்றாவி என்று திட்டியிருக்கிறாள்.

அந்தப் பெண் பேர் சகாயமேரி. இப்போது அவள் எங்கேயிருந்து வந்தாள் என்று செங்கமலத்துக்கே தெரியவில்லை, இருபது வருஷத்துக்கு முந்தின ஒரு புதன்கிழமை மத்தியானத்திலிருந்து நேராக வந்து மேஜைக்கு எதிரில் நின்றாள். தையல்கடை அந்தோணி வாரம் தவறாமல் நூலகத்துக்கு வருவார், துப்பறியும் கதை தவிர எதையும் தொடாதவர், திடீரென்று ஈரலைப் பற்றி ஒரு புத்தகம், ரத்தத்தைப் பற்றி ஒரு புத்தகம், பத்தியம் பற்றி ஒன்று என்று எடுத்துப் போக ஆரம்பித்தார். பதிவேட்டில் எழுதும்போதே செங்கமலத்துக்குப் புரிந்துவிட்டது. அட்டை எழுதுகிறவளுக்குப் புரியாமல் போகுமா, அவள் அன்றைக்கு இந்த போன் செய்கிற வேலையைத்தானே செய்துகொண்டிருந்தாள். ஆனால் ஒரு வித்தியாசம். யார் எதை எடுத்தார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, பெரிய நூலகர் வேலையில் சேர்ந்த அன்று வாயால் சொன்னது, வாசகர் என்ன படிக்கிறார் என்பது வாசகருக்கும் புத்தகத்துக்கும் உள்ள விஷயம், பெண்டாட்டி கேட்டாலும் சொல்லாதே. பெண்டாட்டி சகாயமேரி வந்து கேட்டேவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு எந்தப் புஸ்தகம் எடுத்துட்டுப் போறாருன்னு ஒரு தடவ சொல்லுங்கக்கா. ஒளிச்சு ஒளிச்சுப் படிக்கிறாரு. வேற யாரோ பொம்பளையோன்னு எனக்கு..." என்று பாதியில் நிறுத்தினாள். பதிவேடு இவள் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. இவள் பதிவேட்டை மூடினாள். அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா என்றாள், குரலில் ஒரு மிதப்போடுகூடச் சொல்லியிருப்பாள், சட்டம் தெரிந்தவள் இல்லையா. சகாயமேரி போகும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டாள், "உங்க வீட்டுக்காரரா இருந்தா நீங்க இப்படி மூடி வைப்பீங்களாக்கா?" ஆறு மாசத்தில் அந்தோணியின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி நூலகக் காம்பவுண்டிலேயே ஒட்டியிருந்தது, அதைக் கடந்துதான் தினமும் உள்ளே போனாள், வெளியே வந்தாள். சரியாகத்தான் செய்தேன் என்று அன்றைக்குத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நல்லசிவத்திடம்கூட. அப்படிப் பார்த்தால் ஒளித்து வைத்ததில் அவர் மட்டும் என்ன புதுசு?

"கமலம், மணி?" "பத்து நாப்பத்தஞ்சு." குரல் எப்படி இவ்வளவு சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். இன்னும் கால் மணி, அப்புறம் தண்ணீர் ஊற்றித் துவட்டித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார், இன்னொரு வாரம் ஓடிவிடும். கையில் போன் இருந்தது. ஒரு சொல் போட்டால் போதும். 'டாக்டர்' என்று போட்டால் யாரையாவது பார்த்தாரா என்று தெரிந்துவிடும். 'பயம்' என்று போட்டால்? அப்படியெல்லாம் கேட்கிறவர் இல்லை. இல்லையென்று உனக்கு என்ன தெரியும், வெள்ளி விலை பார்க்கிறவர் என்றுகூட உனக்குத் தெரியாது. நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது வேறு, தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பது, தன்னைப் பற்றி அவர் இந்த இழுப்பறையில் என்ன போட்டு வைத்திருக்கிறார் என்பது. விரல் தானாகப் போய் 'ம' போட்டது. 'மனை' போட்டது. உடனே அது நீட்டியது, மனை விற்பனைக்கு, மனை அளவு கணக்கிட, அங்கீகாரம் பெற்ற மனைகள். எதற்குப் பக்கத்திலும் கடிகாரம் இல்லை. இன்னும் ஒரே ஒரு எழுத்து. ஒரு 'வி' போட்டால் மனை மனைவியாகிவிடும், அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ எழும்பி வந்துவிடும். மனைவியிடம் எப்படி என்று இருக்கலாம். மனைவிக்குத் தெரியாமல் என்று இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அதைத்தான் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. 'வி' இருக்கிற இடத்துக்கு மேலே விரல் நின்றது. சகாயமேரி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டைத் திறந்து காட்டியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? வீட்டுக்கு ஓடியிருப்பாள். ஓடிப் போய் என்ன சொல்லியிருப்பாள், புத்தகத்தின் பேரையா? ஒரு கணம் செங்கமலத்துக்கு வெறும் கோபம் வந்தது, நேரே கேட்க ஆள் இருக்கிறது, இருபது அடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து மணி கேட்டுக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிட்டு இந்தக் கண்ணாடித் துண்டைப் போய்க் குடைந்துகொண்டிருக்கிறாளே. அந்த 'வி'யை அவள் போடவில்லை. போட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள், போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள், அடுக்களை மாடத்திலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

கொல்லையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவர் துணி துவைக்கிற கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் எண்ணெய் வழிந்திருக்க, கழுத்தைச் சுற்றி மட்டும் அந்தச் சாயம்போன ஈரிழைத் துண்டு. "அதுக்குள்ள பதினொண்ணா?" என்றார். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. துண்ட எடுங்க." "நான்தான் தேச்சுட்டேனே." "எங்க தேச்சீங்க? பிடரியில படவே இல்ல, பாதி முடி பஞ்சாட்டம் இருக்கு. எடுங்கன்றேன்ல." அவர் எடுக்கவில்லை. அவளே எடுத்தாள். கொடியில் போட்டாள். உச்சியில் எண்ணெயை வைத்து, எப்போதும் தேய்க்கிற மாதிரியே தட்டி, காதோரம் இறக்கி, இறக்கின கை பிடரிக்கு வருகிற வரைக்கும் தோட்டத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. இடது பக்கம், முடி முடிகிற இடத்தில், கொண்டைக்கடலை அளவு. விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். அவர் தோள் இரண்டும் ஏறி நின்றது, இறங்கவேயில்லை. "வலிக்குதா?" "வலிக்கல" என்றார். "வலிச்சாத்தான் தேவலையாம்" என்றார், கல்லைப் பார்த்தபடியே. யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொண்டு, அந்த இடத்தைச் சுற்றி, ரொம்ப மெல்ல, முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நாளும் தேய்க்காத அளவுக்கு மெல்லத் தேய்த்தாள். "எண்ணெ தேச்சா அதெல்லாம் பரவாது" என்றாள். அவர் அசையவில்லை. அசையாமலேயே கேட்டார், "அதுல அப்படித்தான் போட்டிருந்துச்சா?" "அதுல என்ன போட்டிருந்துச்சுன்னு நான் படிக்கல. கேள்விய மட்டும்தான் பாத்தேன். நான் சொல்றேன்." அவர் தலை மெதுவாகச் சாய்ந்து அவள் வயிற்றில் பட்டது, புடவையெல்லாம் எண்ணெய், இருக்கட்டும். "திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போறோம். எந்த பஸ், எத்தன மணிக்குன்னு நீங்க பாத்து வைங்க" என்றாள். "எட்டு இருவதுக்கு ஒண்ணு இருக்கு" என்றார், யோசிக்காமல். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தாள். "உன் கையில என்ன கமலம் இப்படி வாசன அடிக்குது?" "கட்டி" என்றாள் செங்கமலம். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று இரண்டு பேருக்கும் உறைத்தது, முதலில் சிரித்தது அவர்தான்.